மண்ணைத் தொடாத தக்காளி

அந்தமான் தீவுகளில் மழைக்காலத்துத் தக்காளி பெரும்பாலும் கடல் கடந்து வருவது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலுக்கு மூன்று நாள் பயணம். வானிலை சரியில்லாமல் ஒரு கப்பல் தாமதமானால் காய்கறிச் சந்தையில் அது உடனே தெரிந்துவிடும். 2023 ஜூலையில் நாட்டின் பல நகரங்களில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதையும், மத்திய அரசு தலையிட்டு டில்லி முதலிய இடங்களில் முதலில் 90 ரூபாய்க்கும் பின்னர் 80, 70 ரூபாய்க்கும் விற்கச் செய்ததையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மெயின்லேண்டில் விலை ஏறும்போது தீவுவாசிகள் அந்த விலையோடு சரக்குக் கட்டணத்தையும், வழியில் நசுங்கிப்போன பழங்களின் விலையையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ரசம், சாம்பார், மீன் குழம்பு என்று நாள்தோறும் தக்காளியை எதிர்பார்க்கும் அடுக்களைகள் அவர்களுடையவை. வீட்டின் பின்புறத்தில் நான்கைந்து தக்காளிச் செடிகளை வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. மழைக்குக் குறைவில்லை, தென்னையும் பாக்கும் வாழையும் தழைக்கும் மண், தக்காளி மட்டும் வளராமற்போகுமா?

வளரும். நாற்று நட்ட ஒரு மாதம் வரை செடி கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளரும். முழங்கால் உயரம் வந்து முதற் பூங்கொத்தும் விட்டபின், ஒரு நாள் நண்பகலில் அதன் நுனி இலைகள் தொங்கும். மாலையில் நிமிர்ந்துவிடும். மறுநாள் மீண்டும் தொங்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நிமிராது. இலை மஞ்சளாகியிராது, புள்ளியோ புழுவோ இராது. பச்சையாகவே நின்றபடி செடி செத்துப்போகும். தண்ணீர் போதவில்லை என்று கருதி இன்னும் ஊற்றுவோர் உண்டு. கண்ணேறு என்று சொல்வோரும் உண்டு. முதற்செடியின் பக்கத்தில் நிற்கும் செடி அடுத்த வாரம் அதே வழியில் போகும்.

இது பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்னும் நுண்ணுயிரி இதற்குக் காரணம். அமெரிக்கத் தாவர நோயியல் அறிஞர் எர்வின் ஸ்மித் 1896இல் இதனை விவரித்தார். மண்ணில் வாழும் இந்த நுண்ணுயிரி, நாற்றைப் பிடுங்கி நடும்போது அறுபட்ட வேர் வழியாகவோ, நூற்புழு துளைத்த காயத்தின் வழியாகவோ, களைக்கொத்து பட்ட இடத்தின் வழியாகவோ உள்ளே நுழைகிறது. வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிச் செல்லும் குழாய்களில் பெருகி, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து அக்குழாய்களை அடைத்துவிடுகிறது. ஈரமான மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் மடிவது இதனாலேதான்.

நோய் இதுதானா என்பதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளலாம். வாடிய செடியின் தண்டைத் தரைக்குச் சற்று மேலே வெட்டி, ஒரு விரல் நீளத் துண்டைக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில், வெட்டுவாய் மட்டும் நனையுமாறு தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் கீழ்நோக்கி இறங்கினால், அவை கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். இழை இறங்காவிட்டால் வேரழுகலோ வேறு வாடல் நோயோ காரணமாக இருக்கலாம். ஒரு தம்ளர் நீரில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல் மருந்துக்குச் செலவு செய்யலாகாது என்பது நம் கருத்து. செடிக்குள் நுழைந்துவிட்ட இந்நோயைப் போக்க நம்பத்தக்க மருந்து எதுவும் இல்லை. உயிர்க்கொல்லி மருந்துகளை வாங்கி வேரில் ஊற்றுவது வீண்.

அந்தமானின் தட்பவெப்பம் இந்த நுண்ணுயிரிக்கு மிகவும் ஏற்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. அது தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலுமாக மே முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரும்பாலும் 23 முதல் 31 பாகை செல்சியசுக்குள் நிற்கிறது. மண் பல இடங்களில் அமிலத்தன்மை உடையது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் வாடல் நோய் விரைந்து பரவும். சரிவான நிலங்களில் மேல்வீட்டுத் தோட்டத்தின் மழைநீர் கீழ்வீட்டுத் தோட்டத்தில் பாயும்போது நோயும் உடன் பாய்கிறது. ஓரிரு ஆண்டுகள் தக்காளி வைக்காமல் விட்டுப் பார்க்கலாமென்றால், கத்தரி, மிளகாய், இஞ்சி, உருளை எனத் தாவரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களை இது தாக்குகிறது. களைச்செடிகளின் வேரிலும் தங்கியிருக்கிறது. தக்காளி செத்த இடத்தில் கத்தரி வைப்பது நோய்க்கு விருந்து வைப்பதாகும்.

மண்ணில் உள்ள நோயை மண்ணிலேயே எதிர்த்துப் போராடுவது வீட்டுத் தோட்டக்காரரால் இயலாது. வேரை அந்த மண்ணிலிருந்து பிரித்துவைப்பதே அவருக்கு உள்ள நல்ல வழி.

இவ்வழியைத் தீவின் வேளாண்மை வேறொரு காரணத்துக்காக முன்பே பெரிய அளவில் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் அடுத்துத் தென் அந்தமானின் நிலப்பகுதி தாழ்ந்து, கடலோர வயல்கள் பலவற்றில் உப்புநீர் புகுந்தது. போர்ட் பிளேரை அடுத்த காராச்சர்மாவில் 1978 முதல் இயங்கிவரும் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் (இப்போது மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்), இத்தகைய தாழ்நிலங்களில் அகன்ற மேட்டுப் பாத்திகளையும் அவற்றுக்கிடையே ஆழ்ந்த வாய்க்கால்களையும் அமைக்கும் முறையைப் பரப்பியது. வாய்க்காலிலிருந்து வெட்டிய மண் பாத்தியை உயர்த்துகிறது. மழை பாத்தியின் உப்பைக் கழுவிவிடுகிறது. மேட்டில் காய்கறி, பள்ளத்தில் நெல்லோ மீனோ. தேங்கும் நீருக்கு மேலே வேரை உயர்த்தி வைப்பதே இதன் உட்பொருள். அதனைப் பத்துச் செடி அளவுக்குச் சுருக்கினால் கிடைப்பது வளர்ப்புப் பை.

செடி ஒன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து லிட்டர் கொள்ளும் பை அல்லது பழைய வாளி போதும். அதனுள் தோட்டத்து மண்ணை ஒரு கைப்பிடி கூடப் போடாதிருப்பது நல்லது. மண்ணைப் பையில் அள்ளிப்போட்டு நட்டவர்கள் நோயையும் அள்ளிப்போட்டு நட்டவர்களாகிறார்கள். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு என்ற கலவை இங்கே பொருந்தும். கட்டியாக விற்கப்படும் ஐந்து கிலோ நார்க்கழிவு நீரில் ஊறினால் எழுபது லிட்டர் அளவுக்குப் பெருகும். இரண்டு கட்டிகளில் பத்துப் பைகள் நிரம்பும். தென்னை மிகுந்த தீவில் இப்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் கடலோரத் தென்னையின் நாரில் உப்பு இருக்கும். இரண்டு, மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்தபின்பே பயன்படுத்த வேண்டும்.

கலவையில் மணல் சேர்க்க விரும்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை மணலில் உப்புண்டு. அதனை அள்ளுவது சட்டத்துக்கும் புறம்பானது. சுண்ணாம்புச் சத்துக்காகப் பவளத் துண்டுகளைப் பொறுக்கிவந்து இடித்துப் போடுவதும் கூடாது. பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்கு உட்பட்டவை; கரையில் செத்துக் கிடக்கும் துண்டுக்கும் அது பொருந்தும். கடையில் கிடைக்கும் வேளாண் சுண்ணாம்போ டோலமைட்டோ ஒரு பைக்கு இரண்டு தேக்கரண்டி போதும்.

பையைத் தரையில் நேராக வைப்பது பலர் கவனியாத குறை. நீர் வடியும் துளை வழியே வேர் வெளிவந்து கீழுள்ள மண்ணுக்குள் இறங்கிவிடும். பாடுபட்டுப் பிரித்துவைத்த வேர் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். செங்கல் அடுக்கின் மீதோ, பலகை மீதோ, சிமெண்டுத் தளத்திலோ, மாடியிலோ பைகளை வைக்க வேண்டும். கூரையிலிருந்து விழும் தாரை நிலத்து மண்ணைத் தெறிக்கச் செய்து பையில் சேர்க்காத உயரம் வேண்டும். தோட்டத்தில் களை எடுத்த கொத்தைக் கழுவாமல் பையில் குத்துவதும் கூடாது.

இனி மழை. ஆண்டு முழுவதும் செடி வைக்க விரும்புவோர் பைகளுக்கு மேலே ஒரு மறைப்பை அமைத்தாக வேண்டும். மூங்கில் அல்லது இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மீது புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாளைச் சரிவாகப் போர்த்தி, நான்கு பக்கமும் திறந்துவிட்டால் போதுமானது. நீலத் தார்ப்பாய் உதவாது. அது மழையோடு வெளிச்சத்தையும் தடுத்துவிடும். தக்காளிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். இலையில் நீர் படாதிருந்தால் இலைக்கருகல் நோய்களும் பெருமளவு குறையும்.

ரகத்தைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வரும் உறவினரிடம் ‘நாட்டுத் தக்காளி விதை கொண்டுவா’ என்று சொல்வதைவிட, வாடலைத் தாங்கும் ரகத்தின் பெயரைச் சொல்லி வாங்கிவரச் செய்வது பயன்தரும். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக், அர்க்கா சாம்ராட் ஆகிய வீரிய ஒட்டு ரகங்கள் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டவை. கனமழை நாடான கேரளத்தின் வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா ஆகிய வாடல் தாங்கும் ரகங்களைத் தந்திருக்கிறது. இவை பொறுக்கி விதைக்கத்தக்க ரகங்கள். வீரிய ஒட்டு ரகத்துக்கோ ஒவ்வோர் ஆண்டும் புதிய விதை வாங்க வேண்டும். தாங்கும் ரகம் என்பதால் கவலையின்றித் தரையில் நட்டுவிடலாகாது. இந்த நுண்ணுயிரியில் பல வகைகள் உண்டு. ஓரிடத்து வகையைத் தாங்கும் ரகம் மற்றோரிடத்து வகைக்குத் தோற்பதுண்டு. நாற்றாக எதையும் கொண்டுவராமல் விதையாகக் கொண்டுவருவது தீவுக்கே நல்லது. நாற்றோடு வரும் மண்ணில் என்ன வருகிறது என்பதை எவரும் பார்ப்பதில்லை.

பையில் வளர்க்க இடமின்றித் தரையிலேயே நட்டாக வேண்டியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கத்தரியின் வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டுவது அது. கத்தரியிலும் வாடலுக்கு இரையாகும் ரகங்கள் பல. ஆனால் நன்கு தாங்கும் ரகங்கள் சில உண்டு. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வாடலையும் சில நாள் நீர்த்தேக்கத்தையும் தாங்கும் கத்தரி வகைகளைத் தேர்ந்து, அவற்றின் மீது தக்காளியை ஒட்டும் முறையை வெப்பமண்டல நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் ஒரே செடியில் கத்தரியும் தக்காளியும் காய்க்கும் ‘பிரிமேட்டோ’வை உருவாக்கியதும் இந்த ஒட்டுமுறையால்தான்.

முறை கடினமன்று, பொறுமை வேண்டும். கத்தரி மெல்ல வளர்வதால் அதனைத் தக்காளிக்குச் சில நாள் முன்னதாக விதைக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது நாட்களில் இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வந்தபின், கத்தரியின் விதையிலைக்கு மேலும் தக்காளியின் விதையிலைக்கு மேலும் புதிய சவரத் தகட்டால் சாய்வாக வெட்ட வேண்டும். கத்தரியின் அடிப்பகுதியோடு தக்காளியின் நுனியைப் பொருத்தி, ஒட்டுக் கவ்வியாலோ மெல்லிய ரப்பர்க் குழாய்த் துண்டாலோ பிடித்துவைக்க வேண்டும். அதன்பின் ஒரு வாரம் நிழலும் மிகுந்த ஈரப்பதமும் தேவை. மூடியுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியே போதும். காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்த இத்தீவில் இந்தக் கட்டம் மெயின்லேண்டைவிட எளிது. முதன்முறை பத்து ஒட்டில் ஐந்து பிழைத்தாலும் குறைவன்று. நடும்போது ஒட்டுவாய் மண்ணுக்கு நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். தக்காளியை ஆழமாக நடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒட்டுவாய் புதைந்தால் தக்காளித் தண்டே வேர்விட்டு நோயைத் தேடிப் போய்விடும்.

மழைமறைப்பு அமைக்க இயலாதவர்கள் அக்டோபர் இறுதியில் விதைத்து, நவம்பர் இறுதியில் நட்டால், மழை ஓயும் வேளையில் செடி பூவுக்கு வரும். பிப்ரவரி முதல் காய் கிடைக்கும். ஆனால் அந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலமே தீவில் நீருக்குத் தட்டுப்பாடான காலம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், தனிக்காரி அணையின் நீர்மட்டம் இறங்கும் கோடையில் குழாய் நீர் நாள் விட்டே வரும் நிலை புதிதன்று. மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் நான்கு மாதம் வாளி எண்ணி வாழ வேண்டியிருப்பதை மெயின்லேண்டு உறவினர் நம்புவதில்லை.

கணக்கு இது. நூறு சதுர அடிக் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 93 லிட்டர் நீர் கிடைக்கும். டிசம்பரின் கடைசி மழைகளை இருநூறு லிட்டர்ப் பீப்பாய்கள் சிலவற்றில் பிடித்து, கொசு புகாதபடி மூடிவைக்கலாம். காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்றால், பத்துச் செடிக்குப் பதினைந்து லிட்டர். ஒரு பீப்பாய் பதின்மூன்று நாள் வரும். அரிசி, காய் கழுவிய நீரையும் சேர்த்தால் இன்னும் சில நாள். பையின் மேற்புறத்தைத் தென்னை மட்டைத் துண்டுகளாலும் காய்ந்த இலைகளாலும் மூடினால் நீர் ஆவியாவது குறையும். கோடையில் கடலோரக் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கினால் அதனைத் தக்காளிக்கு ஊற்றலாகாது; உப்பைத் தக்காளி ஓரளவே பொறுக்கும். நீர் ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக இருந்தால் காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் போலாகும், பழம் வெடிக்கும். காலையில் அளவோடு நாள்தோறும் ஊற்றுவதே இரண்டுக்கும் மருந்து.

பூ நிறைய விட்டும் காய் பிடிக்காததற்கு இரவின் வெப்பமே பெரும்பாலும் காரணம். இரவு வெப்பநிலை 21, 22 பாகைக்கு மேல் நின்றால் பெரிய காய் ரகங்கள் பலவற்றில் பூ உதிரும். தீவில் அதற்குக் கீழே இறங்கும் இரவுகள் அரிது. ஈரப்பதத்தால் மகரந்தமும் ஒட்டிக்கொண்டு உதிராது. ஆகவே காலை ஒன்பது, பத்து மணியளவில், காற்றில் ஈரம் சற்றுக் குறைந்தபின், பூங்கொத்தின் காம்பை விரலால் இலேசாகச் சுண்டிவிடலாம். சிறுகாய்த் தக்காளி வகைகள் வெப்பத்தில் நன்கு காய்ப்பவை. முதன்முறை வைப்பவர்களுக்கு அவற்றையே பரிந்துரைப்போம். அழகுக்காகப் பெரிய பழ ரகம் வைத்து மனம் சலிப்பதைவிட ரசத்துக்கு ஒரு கிண்ணம் சிறுபழம் மேல்.

உரத்துக்குத் தீவில் ஒரு வசதி உண்டு: மீன் கழிவு. சம எடை வெல்லத்தோடு மூடிய பாத்திரத்தில் மூன்று, நான்கு வாரம் ஊறவைத்து வடித்த சாற்றை, லிட்டருக்கு ஐந்து மில்லி என நீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றலாம். அடிக்கடி ஊற்றினால் இலைதான் வளரும். பூ விட்டபின் சாம்பல் ஒரு தேக்கரண்டி தூவுவது நன்று.

பூச்சிகளைவிடத் தீவில் தொல்லை தருவது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1942 முதல் 1945 வரை இத்தீவுகளைக் கைப்பற்றியிருந்த ஜப்பானியப் படையினர் உணவுக்காக இதனைக் கொண்டுவந்ததாகச் சொல்வர். படையினர் போய்விட்டனர், நத்தை தங்கிவிட்டது. ஓரிரவில் ஒரு தட்டு நாற்றை அது தின்றுவிடும். மாலையில் ஈரச் சாக்கைத் தரையில் விரித்து, கீழே பப்பாளி இலை போட்டுவைத்தால் நத்தைகள் அங்கே வந்து கூடும்; விடியற்காலையில் எடுத்து உப்புநீர் வாளியில் போடலாம். வெறுங்கையால் தொடலாகாது. மனிதருக்கு மூளைக்காய்ச்சல் தரக்கூடிய ஒட்டுண்ணியை இந்நத்தை சுமப்பதுண்டு. கையுறையோ பிளாஸ்டிக் பையோ வேண்டும். சிறுவர்களை இப்பணிக்கு அனுப்ப வேண்டா. உப்பைப் பையைச் சுற்றித் தூவுவதும் தவறு. அது மழையில் கரைந்து வேருக்குப் போகும்.

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, காய்ப்புழுவுக்கு அன்றாடம் பார்த்துப் பொறுக்குதல், அடியிலைகளை ஒரு சாண் உயரம் வரை கிள்ளிவிடுதல், குச்சி நட்டுக் கட்டுதல் ஆகியவை எங்கும் உள்ளவையே. கிளை கிள்ளும் கத்தியை ஒரு செடியிலிருந்து மறுசெடிக்குப் போகுமுன் ஸ்பிரிட்டில் துடைப்பதை மட்டும் தீவில் விடக்கூடாது.

பத்துப் பையையும் ஒரே நாளில் நடுவது சரியான கணக்கன்று. வைப்புத் தொகை முழுவதும் ஒரே நாளில் முதிர்வடையாதபடி பிரித்துப் போடுவது நம் வாடிக்கையாளர்கள் அறிந்ததே. அதுபோல ஐந்து செடிகளை இன்றும் ஐந்தை மூன்று வாரம் கழித்தும் நட்டால் காய் சீராக வரும். நன்கு பேணிய ஒரு செடி பருவத்தில் இரண்டு, மூன்று கிலோ தந்தால் மகிழலாம். முதலாண்டில் பை, நார்க்கழிவு, பாலித்தீன் எல்லாம் சேர்ந்து, கடைத் தக்காளியைவிடச் செலவு கூடுதலாகவே ஆகும் என்பதை மறைக்கவேண்டியதில்லை. பணத்தை மட்டும் எண்ணுவோர் கீரையும், தீவில் நன்கு தழைக்கும் பர்மா தனியாவும் வைக்கலாம். வாடல் பயம் இல்லை. சட்டமும் பைகளும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கும் உதவும். நோய் காணாத பையின் நார்க்கழிவையும் புதிய உரம் கலந்து மறுமுறை பயன்படுத்தலாம். ஒரு பையில் வாடல் கண்டால் செடியை வேரோடும் கலவையோடும் மூடிய பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். உரக்குழியிலும் தோட்டத்திலும் கொட்டக்கூடாது. வெறும் பையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் காயவைத்த பின்னரே மறுபடி நிரப்ப வேண்டும்.

காய் செடியிலேயே சிவக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடிப்பக்கம் இளஞ்சிவப்பு படரத் தொடங்கியதும் பறித்து, காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி சமையலறை அலமாரியில் ஒற்றை அடுக்காக வைத்தால் நான்கைந்து நாளில் பழுத்துவிடும். எதிர்பாராத மழையில் பழம் வெடிப்பதும், எலியும் பறவையும் முந்திக்கொள்வதும் இதனால் தவிரும். பழுக்குமுன் குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டா, மணம் போய்விடும்.